இடஞ்சுற்றுத் தோசை

தோசை இலையில் வந்து விழுந்ததும் மாசானம் வாசனை பிடிக்கவில்லை, ஓரம் முறுகியிருக்கிறதா என்றும் பார்க்கவில்லை, முதலில் அதன் சுழியைத்தான் பார்த்தான். நடுவில் தொடங்கி வலமாகச் சுற்றிச் சுற்றி ஓரத்தில் போய் முடிந்திருந்தது, கோயில் பிரகாரம் சுற்றுகிறவர்களைப் போல ஒழுங்கான பிரதட்சணம். உள்ளே கல்லுக்கு முன்னால் நிற்கிறவன் சோத்தாங்கைக்காரன், சந்தேகமே இல்லை. மாவு இளகல், காலையில் அவசரத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கிறான், கல் சூடு ஒரு பக்கமாக ஏறுகிறது, சட்னியில் பொட்டுக்கடலைதான் பாதி. அடுத்தவன் தோசையில் குற்றம் கண்டுபிடிப்பது தோசை மாஸ்டர்களின் பிறவிக்குணம், கை போனாலும் அது மட்டும் போவதில்லை. எதிரே கோமதிநாயகம் அண்ணாச்சி தன் தோசையைப் பாதி பிய்த்துவிட்டு, "நம்ம கடைத் தோசைக்குப் பக்கத்துல இது நிக்குமால?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் முதலாளி. இவன் அவருடைய சிவகாமி கபேயில் பதினெட்டு வருஷம் தோசை ஊற்றியவன். அவர்மேல்தான் இவன் நஷ்டஈட்டுக் கேஸ் போட்டிருக்கிறான். கேஸ் போட்டவனும் கேஸ் வாங்கினவரும் சங்கரன்கோவிலிலிருந்து ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில், திருநெல்வேலிக்கு வந்து, இரண்டு தெரு தள்ளி இருக்கிற தொழிலாளர் ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிடும் முன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்வோம் என்று ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். டிக்கெட் எடுத்தது அண்ணாச்சி. ஜன்னலோரத்தையும் இவனுக்கே கொடுத்தார், கையில் வெளிக்காற்று பட்டால் இதமாக இருக்குமாம். யாராவது பார்த்தால் சொந்தக்காரர்கள் பெண் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். "நிக்காது அண்ணாச்சி," என்றான் மாசானம். அதைச் சொல்லும்போது அவனுக்கு மனசு குளிர்ந்தது, அதை மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

முதல் துண்டைப் பிய்த்தான், வலது கையால்தான், வேறு எதால் பிய்ப்பது. இடது கை மடியில் கிடந்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது தானாகவே கீழே இறங்கிவிடும். அம்மா பழக்கிய பழக்கம். சின்ன வயசில் சோற்றுக்கு முந்திக்கொண்டு போகிற அந்தக் கையைச் சேலைக் கிழிசலால் முதுகுப்பக்கம் கட்டிப்போட்டுத்தான் அம்மா சோறு போடுவாள். அழ அழச் சாப்பிட்டு ஒருநாள் வலது கை சோறு தின்னக் கற்றுக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பால் அது எழுதவும் கற்றுக்கொண்டது. அதற்கு மேல் அந்த வலது கை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை, சோம்பேறிக் கை. மாங்காய்க்குக் கல் எறிந்தது, பம்பரம் விட்டது, வெங்காயம் நறுக்கியது, கரண்டி பிடித்தது, செம்பகம் கழுத்தில் தாலி முடிந்தது எல்லாம் இடது கை. அந்த முடிச்சு தலைகீழ் முடிச்சு என்று இன்றைக்கும் செம்பகம் கேலி பண்ணுவாள், அதனால்தான் அவிழவேயில்லையாம். இவ்வளவு செய்த கைக்கு ஊரில் என்ன பேர்? பீச்சாங்கை. நொட்டாங்கை. ஒரு நல்ல பேர் உண்டா? அதனால்தான் அன்றைக்கு ஊனச் சர்ட்டிபிகேட் எழுதிய அந்த டாக்டர், மேசைக்கு அந்தப்பக்கம் பேனாவும் கையுமாக, நிமிர்ந்து பாராமல், "நீங்க எந்தக் கைக்காரரு?" என்று கேட்டபோது நாக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சோத்தாங்கைதான் சார், எல்லாரையும் மாதிரி." எல்லாரையும் மாதிரி! அதையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தது. "சாப்பிடறது, எழுதறது?" "இதுலதான் சார்," என்று வலது கையைத் தூக்கிக் காட்டினான், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோல. டாக்டர் மேல் தப்பில்லை. கேட்டார், சொன்னான், எழுதினார். எந்தக் கைக்காரன் என்று ஒரு வெளியாள், அதுவும் படித்தவர், சுத்தமான வெள்ளைக் கோட்டுக்காரர் கேட்கும்போது, பீச்சாங்கைக்காரன் சார் என்று எவனாவது சொல்வானா? மானமுள்ளவன் சொல்வானா? இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. சாம்பார் நன்றாகத்தான் இருக்கிறது, பெருங்காயம் மட்டும் ஒரு சிட்டிகை கூடுதல்.

கிரைண்டர் பெல்ட்டில் கை போனதைப் பற்றி அவன் அதிகம் நினைப்பதில்லை. ஒரு இழுப்பு, ஒரு சத்தம், அப்புறம் மாவெல்லாம் சிவப்பு, அண்ணாச்சி வேட்டி தடுக்க ஓடி வந்தது, அவ்வளவுதான் ஞாபகம். உள்ளே தகடு வைத்தார்கள், விரல்கள் அப்படியே இருக்கின்றன, ஐந்தும் இருக்கின்றன, எண்ணிக்கொள்ளலாம். ஆனால் மணிக்கட்டு திரும்பாது. கரண்டியை மாவில் முக்கலாம், தூக்கலாம், கல்லில் ஊற்றவும் ஊற்றலாம், சுற்ற முடியாது. சுற்றாவிட்டால் அது தோசை இல்லை, ஊத்தப்பமும் இல்லை, வெறும் கொட்டல். டாக்டர் சர்ட்டிபிகேட்டில் வலதுகைப் பழக்கமுள்ளவர் என்று எழுதி, அதற்குத் தக்கபடி இடது கைக்கு ஊனச் சதவீதத்தைக் குறைத்துப் போட்டுவிட்டார். முதல் விசாரணையில், அண்ணாச்சிக்காகப் பணம் கட்டவேண்டிய இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் ஜெபசிங் அதைத் தூக்கிக் காட்டி, ரொம்ப மரியாதையாக, கரண்டி பிடிக்கிற கை அப்படியே இருக்கே, இவர் நாளைக்கே தோசை ஊத்தலாமே என்று கேட்டார். கரண்டி பிடிக்கிற கை! மாசானத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வெளியே வந்ததும் இவனுடைய வக்கீலம்மா ஹெலன், சின்னப் பெண், இவனை வேப்பமரத்தடியில் நிறுத்தி, "அண்ணே, கரண்டிய எந்தக் கைல பிடிப்பீங்க, பிடிச்சுக் காட்டுங்க," என்றாள். காட்டினான். அந்தப் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இத ஏன் டாக்டர்ட்ட சொல்லல?" "அவரு கரண்டியக் கேக்கலியே." மாசானத்தோடு வேலை பார்த்தவர்கள் ஒருவரும் இப்போது கடையில் இல்லை. மாவாட்டுகிறவன் கேரளத்துக்குப் போய்விட்டான், சப்ளையர்கள் மாசத்துக்கு ஒருத்தர். பாக்கி ஒரே ஒரு வாய்தான், அண்ணாச்சி வாய். அவர் மட்டும் ஆபீசர் முன்னால், ஆமாம், இவன் இடது கையால்தான் தோசை ஊற்றினான் என்று சொல்லிவிட்டால், மறுபடி டாக்டரிடம் அனுப்பிச் சதவீதத்தைத் திருத்தி வாங்கிவிடலாம். சொல்லாவிட்டால் இருக்கிறதுதான். சொல்லுவாரா? பஸ்ஸில் மானூர் வரைக்கும் உளுந்து விலையைப் பற்றிப் பேசினார். அப்புறம் தூங்கிவிட்டார்.

சொல்லாவிட்டாலும் என்ன குடி முழுகிப்போகும் என்று நினைத்துப் பார்த்தான், ஒரு வாய் தோசை, ஒரு வாய் நினைப்பு. பொய் சொல்லக்கூடாது, இந்த ஒரு வருஷம் அவன் சந்தோஷமாகத்தான் இருக்கிறான். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத சந்தோஷம், கை போனவன் சந்தோஷமாக இருக்கிறேன் என்றால் மூளையும் போய்விட்டது என்பார்கள். வெளிச்சம் வந்த பிறகு எழுந்திருப்பது என்றால் என்ன என்று அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. செம்பகம் முகம் கழுவிக்கொண்டு வந்து விளக்கு மாடத்துக்கு முன்னால் நிற்கும்போது காலை வெயில் அவள் காதுப்பக்கத்து நரையில் விழுவதை இத்தனை வருஷமாகப் பார்த்ததில்லை, அந்நேரம் அவன் கல்லுக்கு முன்னால் இருப்பான். இப்போது பார்க்கிறான். பார்ப்பதைப் பார்த்து அவள், "என்ன, புதுப்பொண்ணப் பாக்க மாதிரி பாக்கீங்க," என்கிறாள். சிரிக்கிறான். அண்ணாச்சியும் கைவிடவில்லை, கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு டோக்கன் கிழிக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் எத்தனை நாளைக்கு டோக்கன் கிழிப்பது? ஒரு மனுஷனுக்குத் தொழில் என்று ஒன்று வேண்டாமா? செம்பகத்தோடு சேர்ந்து தெருமுனையில் ஒரு மாவுக்கடை. இட்லி மாவு, தோசை மாவு, ஆப்ப மாவு. மாவு பதம் பார்க்கக் கை எதற்கு, மூக்கு போதும், கண் போதும். ஆட்டுகிற வேலையை அவள் பார்த்துக்கொள்வாள், கிரைண்டர் பக்கம் அவன் போகவே கூடாது என்பது அவள் சட்டம். இடம் பார்த்தாகிவிட்டது. பழைய சைக்கிள் கடை இருந்த இடம், வெயில் படாது, மாவு புளிக்காது. வீட்டுக்காரர் தை மாதம் வரைக்கும் பொறுக்கிறேன் என்றிருக்கிறார். இப்போது எழுதியிருக்கிற சதவீதத்துக்கு வருகிற பணத்தில் கடைக் கதவுகூட வாங்க முடியாது. ஆக, குடி முழுகாது, மாவுக்கடைதான் முழுகும். அதை நினைத்ததும் பிய்த்த துண்டை இலையிலேயே வைத்தான். தண்ணீர் குடித்தான்.

அண்ணாச்சி கையைக் கழுவாமல் விரலால் இலையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் எதைப் பற்றி யோசிக்கிறார் என்று மாசானத்துக்குத் தெரியும், அவர் எதைப் பற்றி யோசித்தாலும் இவனுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவு வருஷப் பழக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இவன் கரண்டியை எடுத்த விதத்தைப் பார்த்து அவர் முகம் போன போக்கு. கோமதியம்மன் கோயில் தெரு, காலையில் நெற்றி நிறையத் திருநீறோடு வருகிற கூட்டம், அத்தனையும் சைவம், அதில் பாதி விரதம். "ஏலே, அந்தக் கையிலயா?" "இந்தக் கையிலதான் வரும் அண்ணாச்சி." ஒரு தோசை ஊற்றிக் கொடுத்தான். அவர் நின்றபடியே தின்றார், இன்னொன்று என்றார், அப்புறம் சப்ளையர் எட்டிப் பார்க்கிற ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு, அடுப்படிக்கு முன்னால் ஒரு தட்டி வைத்து மறைத்தார். பிற்பாடு தட்டி சுவராயிற்று. ஊரெல்லாம் தோசைக்கல்லை வாசலுக்குக் கொண்டுவந்து, வருகிறவர் கண் பார்க்க ஊற்றுகிற காலம் வந்தபோதும் அண்ணாச்சி அசையவில்லை. எங்க கடையில அடுப்பு உள்ளதான் இருக்கும், அதுதான் மரியாதை என்றுவிட்டார். ஒருநாள் கல்யாணக் கோஷ்டி ஒன்று அடுப்படிக்கே வந்து, மாஸ்டர் யாரு, பாராட்டிட்டுப் போவோம் என்று நிற்க, மாசானம் சட்டென்று கரண்டியை வலது கைக்கு மாற்றி ஊற்றினான். இலங்கை மேப் மாதிரி ஒரு தோசை வந்தது. அண்ணாச்சி பதறாமல், "இது புது ஐட்டம், பிள்ளைகளுக்கு," என்றார். அந்தக் கோஷ்டி அதையும் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனது. அன்றைக்கு இரண்டு பேரும் மாவு அறையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் பயம் மட்டும் போகவில்லை. இவன் தோசை இடமாகச் சுற்றும், அப்பிரதட்சணம். கோயிலை அப்படிச் சுற்றினால் சண்டைக்கு வருவார்கள், தோசை அப்படிச் சுற்றினால்? என்றைக்காவது ஒருவர் இலையை உற்றுப் பார்த்து, என்ன இது தலைகீழா இருக்கே, உள்ள யாருல நிக்கா என்று கேட்டுவிடுவாரோ என்று, தட்டு வெளியே போகும்போதெல்லாம் அடிவயிற்றில் ஒரு சின்ன இழுப்பு. ஒவ்வொரு தட்டுக்கும். இத்தனை வருஷம். அந்தக் கடையின் பேரையே அந்தச் சுவர்தான் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று அண்ணாச்சி நம்புகிறார். அவரைப் போய், எழுதிப் பதிவுசெய்கிற இடத்தில், அந்தச் சுவரை இடியுங்கள் என்று கேட்பது எப்படி? கேட்கவேயில்லை. ஹெலன்தான் கேட்டாள். அதற்கு அவர், "பாப்போம்மா," என்றார். பாப்போம் என்றால் அண்ணாச்சி பாஷையில் பத்தில் எட்டுத் தடவை மாட்டேன்.

"அண்ணாச்சி! நீங்களும் இங்கதானா?" என்று கேட்டுக்கொண்டே வந்து, வேறு இடமில்லாமல் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் வக்கீல் ஜெபசிங்கேதான். கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மாசானத்தையும் பார்த்து, "கை எப்படி இருக்கு?" என்று வீட்டு மனுஷன்போல விசாரித்தார். நல்ல மனுஷன், உள்ளே போனால்தான் எதிரி. தோசை சொன்னார், வந்தது, ஒரு வாய் வைத்தார், உதட்டைப் பிதுக்கினார். "என்ன இருந்தாலும் உங்க கடை மாதிரி வராது அண்ணாச்சி. சங்கரன்கோவில் கோர்ட்டுக்கு வாரதே உங்க நெய் ரோஸ்ட்டுக்காகத்தான்னு வீட்ல சொல்லுவாங்க. எத்தனை வருஷமா சாப்பிடுதேன்!" மாசானம் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். இவர் தின்றிருக்கிறார். இவன் ஊற்றியதை, இவர், வருஷக்கணக்காக. தட்டு சுவருக்கு அந்தப்பக்கம் போனதும் அதைத் தின்பவர்களுக்கு முகம் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. இப்போது ஒரு முகம் எதிரே உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கிறது. வக்கீல் மென்றபடியே, அரட்டைபோலத்தான் கேட்டார், "ஆமா, இவங்க வக்கீல் பொண்ணு என்னவோ இடதுகைன்னு பெட்டிஷன் போட்டிருக்கே, நிஜமா அண்ணாச்சி? உங்களத்தான் கேக்கணும், உங்களுக்குத்தான் தெரியும்." அண்ணாச்சி தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்கவில்லை, வைத்தார். வேண்டாம் அண்ணாச்சி, இங்கே வேண்டாம் என்று மாசானத்துக்குள் ஒன்று கத்தியது, சாப்பிடுகிற மனுஷனிடம் சொல்லாதீங்க, இலையிலேயே ஓங்கரித்துவிடுவார், இங்கே இத்தனை பேர் இருக்கிறார்கள். அதே நேரம் இன்னொன்று, சொல்லுங்க அண்ணாச்சி, சொல்லித் தொலைங்க, ஒரே ஒரு தடவை. சொன்னால் மாவுக்கடை. சொன்னால் மானம் போகும், இவனுக்கும் அவருக்கும். எது பெரிசு? மானம் என்ன, யார் கண்டது அதை. அம்மா கட்டிய துணி. இல்லை, கடை அண்ணாச்சியுடையது, அவர் பிள்ளைகள் பிழைக்க வேண்டும். நான் கேட்கக்கூடாது. கேட்கமாட்டேன். பக்கத்து மேசையில் ஒரு குழந்தை பூரியை ஊதி ஊதி வெடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, அதன் அப்பா திட்டினார், யாரோ இரண்டு காப்பி என்று கத்தினார்கள்.

"சார்," என்றார் அண்ணாச்சி கடைசியில். குரல் சரியாக எழவில்லை, செருமிக்கொண்டார். செருமியதில் குரல் தேவைக்கு மேல் பெரிசாக வந்துவிட்டது. "நீங்க எங்க கடையில இத்தனை வருஷமா சாப்பிட்டது பூராவும் இவன் பீச்சாங்கையில ஊத்துன தோசை சார்!"

காப்பி கேட்டவர் திரும்பிப் பார்த்தார். பூரிக் குழந்தையின் அப்பாவும் பார்த்தார். மாசானம் இலையைப் பார்த்தான். வேட்டி அவிழ்ந்து நடுத்தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது.

வக்கீல் வாயிலிருந்ததை விழுங்கினார். "சரி," என்றார். அடுத்த துண்டைச் சட்னியில் தொட்டார். "அதுக்கென்ன?"

அண்ணாச்சி அவரையே பார்த்தார். "அவ்வளவுதானா சார்?"

"வேற என்ன அண்ணாச்சி? தோசை நல்லாத்தான இருந்துச்சு. இவர் எந்தக் கையில ஊத்துனா எனக்கென்ன? கேஸுக்குத்தான் கேட்டேன்." வக்கீல் விரலை நக்கிக்கொண்டார். "ஆபீசர் முன்னாலயும் இப்பிடியே சொல்லுவீங்களா?"

"அங்க என்ன எனக்கு வேற நாக்கா இருக்கு? சொல்லுவேன்."

"அப்ப சர்ட்டிபிகேட்ட திரும்ப டாக்டருக்கு அனுப்பட்டும். நான் ஆட்சேபம் பண்ண முடியாது." சப்ளையரைப் பார்த்துக் கையைத் தூக்கி, "தம்பி, இன்னொரு தோசை. நல்லா முறுகலா," என்றார்.

திரும்பிப் பார்த்தவர்கள் எல்லாம் அவரவர் இலைக்குத் திரும்பியிருந்தார்கள். குழந்தை பூரியை வெடித்துவிட்டது. அண்ணாச்சி முகத்தில் அடிபட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார், பிறகு இலையைப் பார்த்தபடியே, "ஒருத்தனும் கேக்கல மாசானம். நானாத்தான் பயந்துக்கிட்டுச் சுவரு கட்டியிருக்கேன்," என்றார். "அந்தப் புகையில உன்ன நிக்க வச்சிட்டனல."

மாசானத்துக்குச் சிரிப்பு வந்தது. மாவுக்கடை வந்துவிடும், அது நிச்சயம். செம்பகத்துக்கு இன்றைக்கே சொல்ல வேண்டும். ஆனால் புகை மண்டிய அந்த அடுப்படி, ஒவ்வொரு தட்டுக்கும் வயிற்றில் வந்த அந்த இழுப்பு, அதற்கெல்லாம் எந்த டாக்டரிடம் போய்ச் சதவீதம் கேட்பது? ஒரு "அதுக்கென்ன" தான் அதற்கு மருந்து என்று தெரிந்திருந்தால் முதல் நாளே வாசலில் நின்று ஊற்றியிருக்கலாமே. "விடுங்க அண்ணாச்சி," என்றான், சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வேறு மாதிரி ஆகி, கண் நிறைந்துவிட்டது. வலது கை எச்சிலாக இருந்ததால், மடியில் கிடந்த கையை எடுத்து, திரும்பாத மணிக்கட்டோடு அதன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.